ஆறாம் எண் அறை

சிலோயே தீவில் சாலை முடிகிற ஊர் எங்களுடையது.
அதற்குப் பிறகு கடல், சால்மன் கூண்டுகள், மழை.
பள்ளியில் பதினேழு அறைகளைக் கூட்டுகிறேன்.
பதினாறில் கிடைப்பது
பென்சில் சீவல், ரொட்டித் துணுக்கு,
யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்ற துண்டுச் சீட்டு.

ஆறாம் எண் அறை வேறு.
கொதிகலனுக்கும் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே
முன்பு கிழிந்த வரைபடங்கள் அடைந்து கிடந்த இடம்.
கதவில் யஸ்னா பார்ரியா என்று ஓர் அட்டை.
பெயருக்குக் கீழே ‘ஆற்றுப்படுத்துநர்’ என்றிருந்ததைப்
பொடியன்கள் பாதி சுரண்டிவிட்டார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தி,
அதுவும் மதியம் வரைக்கும்தான் சம்பளம்.
மாலை ஐந்துக்கும் விளக்கு எரிகிறது.

உள்ளே என்ன பேசுகிறார்கள், எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.
எனக்குக் கூடை போதும்.
கசங்கிய டிஷ்யூ காகிதங்கள்,
திங்கட்கிழமைகளில்தான் அதிகம்.
கிழித்துக் கிழித்து நூலாக்கிய பேருந்துச் சீட்டு.
ஓரம் மட்டும் கடித்த பிஸ்கட்டு.
மேசைமேல் இரண்டு கோப்பைகள்:
ஒன்று காலி,
ஒன்று விளிம்பு வரை அப்படியே
ஆறிப்போய், ஆடை கட்டி.
எது யாருடையது என்று நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
கோடை விடுமுறையில்
லூமா மரத் துண்டு வைத்து ஆணியடித்தேன்.
பெருமையாகவும் இருந்தது.
வந்தார், உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார்.
“மன்னிக்கணும் தோன் எவாரிஸ்தோ,
அந்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”
பேச்சு வராதவர்கள் முதலில் நாற்காலியைத்தான் ஆட்டுவார்களாம்.
டக். டக்.
சில சமயம் அதற்குப் பின்னால் ஒரு வார்த்தை வருமாம்.
ஆணியைப் பிடுங்கினேன்.
ஒரு பொருளைக் கெடுத்ததற்காக எனக்கு
நன்றி கிடைத்தது அன்றைக்குத்தான்.

குளிர்காலத்தில் எலியசேர் வென்சூர் வரவில்லை.
எட்டாம் வகுப்பு.
அவன் அப்பா கூண்டுகளுக்கு அடியில் முக்குளிப்பவர்.
ஜூன் மாதம் ஒரு நாள்
அவசரமாக மேலே வந்தார்,
இரத்தத்தில் குமிழி என்றார்கள்,
அதன்பின் அவர் கால்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
யஸ்னா படகுத்துறைக்குப் போனார்.
தனியாகத்தான் திரும்பினார்.
கம்பளிச் சட்டை முழுக்க மரத்தூள்.
“பேசினானா?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
“விறகு பிளந்தோம்” என்றார்.
அடுத்த வாரமும் போனார். அப்போதும் விறகு.
அன்று கூடையில்
இரத்தக் கறையோடு ஒரு பிளாஸ்திரி, பெரியவர் அளவு.
தலைமையாசிரியர் படகுச் செலவுக்கு ரசீது கேட்டார்;
படகுக்காரனுக்கு எழுதத் தெரியாது.

எல்லோரும் திரும்புவதில்லை.
மாயிதே கார்கமோ இப்போது தொழிற்சாலையில்
இரவு ஷிப்டில் மீன்முள் எடுக்கிறாள்.
அவள் கோப்பை மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து
இரண்டு கடிதம் வந்துவிட்டது.
கோப்பு இன்னும் மேசையின் இடது மூலையில்.
தூசி தட்டும்போது தூக்குகிறேன்,
அதே மூலையில் வைக்கிறேன்.

ஆகஸ்டு கடைசி.
கொதிகலனுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன்.
கதவருகே சேற்றுத் தடம், சின்னது,
உள்ளே போனது மட்டும்.
சுவருக்கு அப்பால்

டக்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
கையில் விறகோடு நின்றேன்.
நெருப்பு என் முகத்தைச் சுட்டது.

டக். டக்.

விறகைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.
வாளியை எடுத்துக்கொண்டு
தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போனேன்,
காலையிலேயே துடைத்த தரையை
இன்னொரு முறை துடைக்க.